ராஜாவைத் திருப்பி வைத்த கதை

தும்பைக்கோட்டை ராஜாவுக்குப் பக்கத்து நாட்டின்மேல் படையெடுத்தே தீரவேண்டும் என்று ஆசை. ஆனால் அரண்மனைப் பல்லி சொல்லாமல் அந்த ஊரில் யாரும் செருப்புகூட மாட்டமாட்டார்கள். பல்லி ஒருவருக்கு முன்னால் இருந்து சத்தம் போட்டால் வெற்றி, முதுகுக்குப் பின்னால் இருந்து போட்டால் தோல்வி. பலன் சொல்ல மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள்: கொண்டையப்பர், சடைமாயன், வெள்ளைக்கண்ணு. மூவருக்கும் நல்ல மீசை. புத்தியைப் பற்றி எனக்குத் தெரியாது.

பல்லியோ சிம்மாசனத்துக்குப் பின்சுவரில் குடியிருந்தது; ராஜா படையெடுப்பைப் பற்றிக் கேட்டதும் அங்கிருந்தே சத்தம் போட்டது.

"தோல்விங்க" என்றார் கொண்டையப்பர்.

ராஜா பல்லைக் கடித்தார். "நாளைக்குக் காலையில பல்லி எனக்கு முன்னால இருந்து சொல்லியாகணும். இல்லேன்னா உங்க மூணு பேர் தலையும் கழுத்துல இருக்காது."

மூவரும் நேரே போய்ப் பல்லியைக் கும்பிட்டார்கள். "சாமி, எதிர்ச்சுவருக்குப் போயிடுங்க. ராஜா உத்தரவு."

பல்லி ஒரு கொசுவைப் பிடித்துத் தின்றது.

"அப்போ சுவரை நகர்த்துவோம்" என்றார் சடைமாயன். தோள்கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். சுவரும் உத்தரவை மதிக்கவில்லை.

வெள்ளைக்கண்ணு வெகுநேரம் யோசித்தார். "பல்லி நகராது. சுவரும் நகராது. இந்த அரண்மனையில நகரக்கூடியது ராஜா ஒருத்தர்தான்."

விடிந்ததும் சிம்மாசனத்தைப் பின்சுவர் பக்கமாகத் திருப்பி ராஜாவை உட்காரவைத்தார்கள். பல்லி சத்தம் போட்டது.

"வெற்றிங்க" என்றார்கள் மூவரும்.

ராஜா பூரித்துப் போனார். மந்திரிகள் அவர் முதுகுக்குக் கும்பிடு போட்டார்கள்.

"இனிமே நான் திரும்பலாமா?"

"ஜெயிக்கிற வரைக்கும் கூடாதுங்க. நீங்க திரும்பினா பலனும் திரும்பிடும்."

அதனால் ராஜா போருக்குப் போனது யானையின் வாலைப் பார்த்தபடிதான். அண்ணன் தம்பிகளும் கூடவே ஏறிக்கொண்டார்கள். எதிரியின் முரசு கேட்டதும் படை சிதறியது. யானையும் சட்டென்று திரும்பி ஊரைப் பார்த்து ஓட்டமெடுத்தது. அப்போதுதான் ராஜா முதன்முதலாக எதிரியைக் கண்ணால் கண்டார். கூட்டம் கூட்டமாக வாளை உருவிக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தார்கள்.

"என்னய்யா இது?"

மூவரும் கூடிப் பேசினார்கள். தோல்வி என்று சொன்னால் தலை போய்விடும்.

"சரணடைய வர்றாங்க மகாராஜா" என்றார் கொண்டையப்பர். "வாளை ஒப்படைக்கத்தான் இப்பவே உருவி வச்சிருக்காங்க."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம், அவங்களுக்கு எப்படி மூச்சு வாங்குது பாருங்க. யானையை நிறுத்தச் சொல்லுங்க."