பசித்தால் படிப்பு ஏறுமா?

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், வெகு காலத்துக்கு முன்னால் வாகைநாட்டைப் பரிதிகோ என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. காலையில் கிளிகளையெல்லாம் அரண்மனையை விட்டு விரட்டச் சொல்வார். மாலையில் ஒரு கிளியைக்கூடக் காணோமே என்று வருத்தப்படுவார்.

அவர் தலைநகரில் பெரிய கல்விச்சாலை ஒன்று கட்டியிருந்தார். கட்டணம் கிடையாது. ஒருநாள் திடீரென்று அங்கே போய், உப்பளத்து ஊரிலிருந்து வந்து படிக்கும் இருளப்பனைப் பாடம் சொல்லச் சொன்னார். பாதிச் செய்யுளில் அவன் தடுமாறி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

உடனே அவைப்பிரபு தாண்டவராயர் குறுக்கே வந்தார். அமைச்சர் சாத்தப்பர் முன்னின்று நடத்திய கல்விச்சாலை என்பதால் தாண்டவராயருக்கு அதன்மேல் எப்போதுமே எரிச்சல்.

"சோம்பல், அரசே! இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான். படிக்க வந்தவனுக்கு வயிற்றுக் கவலை எதற்கு? பசித்தால்தான் படிப்பு ஏறும்!"

"அப்படியா?" ராஜாவுக்குக் கோபம் ஏறியது. "நாளை உச்சிப்பொழுதில் அவையில் வந்து முழுதும் சொல்லட்டும். இல்லையென்றால் ஊர் போய்ச் சேரட்டும்."

எல்லோரும் போன பிறகு சாத்தப்பர் இருளப்பனிடம் போனார்.

"தம்பி, சாப்பிட்டாயா?"

இவ்வளவுதான் கேட்டார். அவன் கண் நிறைந்துவிட்டது. "இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை, ஐயா."

அவனை வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போட்டார். சாப்பிட்டபடியே சொன்னான்: படிப்புக்குக் காசு தர வேண்டாம், ஆனால் தங்கும் அறைக்கு வாடகை, அரிசிக்கு விலை. விடியுமுன் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டுத்தான் பாடத்துக்கு வருகிறான். பாதிச் சோற்றோடு கையை நிறுத்திக்கொண்டு, "இதை மடித்து எடுத்துக்கொள்ளட்டுமா? என்னோடு தங்கிப் படிக்கும் காயாம்பு காய்ச்சலில் கிடக்கிறான். பார்க்க ஆளில்லை" என்றான்.

சாத்தப்பர் அவனையே முழுதும் சாப்பிடச் சொன்னார். காயாம்புவுக்கு வேறு சோறும் வைத்தியரையும் அனுப்பினார். ஆனாலும் மனம் ஆறவில்லை. இந்த இருவரையும் நான் பார்த்துக்கொள்வேன், மற்ற பிள்ளைகளை?

மறுநாள் அவை கூடியதும் அவர் கைகூப்பினார். "அரசே, இன்று சிக்கலான வழக்கு ஒன்று இருக்கிறது. பசித்தால்தான் புத்தி ஏறும் என்று நம் தாண்டவராயரே சொல்லியிருக்கிறார். தீர்ப்பு முடியும்வரை சமையல்கட்டைப் பூட்டிவைப்போமா?"

"பலே! பூட்டுங்கள்!" ராஜாவுக்கு ஒரே குஷி.

உச்சிப்பொழுது நெருங்கியது. எருமைக்கு உரிமை கேட்டு இரண்டு பேர் மாறி மாறி வாதாடினார்கள். ராஜா கண்ணைக் கசக்கினார்.

"இவன் எருமை... அவன் தயிர்... சே, முதலிலிருந்து சொல்லுங்கள்!"

"தாண்டவராயரே, தினமும் பாடும் வாழ்த்தைப் பாடுங்கள். அரசர் தெளிவடைவார்" என்றார் சாத்தப்பர்.

தாண்டவராயர் எழுந்தார். "மலைபோல் தோளாய்! பால்போல் புகழாய்! பால்... பால்..." தலையைச் சொறிந்தார். "பாயசத்தாய்!"

அவை கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவர் ராஜாதான். முதலில் சிரிப்பை நிறுத்தியவரும் அவர்தான்.

"சாத்தப்பரே, அந்தப் பிள்ளை நேற்று பட்டினியா?"

"நேற்று மட்டுமல்ல, அரசே. அவன் மட்டுமல்ல."

ராஜா எழுந்து நின்றார். "சமையல்கட்டைத் திறங்கள்! மாணவர்கள் எல்லோரையும் அழைத்து வாருங்கள்!"

அன்று பந்தியில் தாண்டவராயர்தான் குனிந்து குனிந்து பரிமாறினார். அங்கேயே ராஜா ஆணையிட்டார்: மாணவர் தங்க விடுதி, மூன்று வேளையும் சோறு, நோய்க்கு வைத்தியர், எல்லாம் அரசுச் செலவு.

"மேற்பார்வை தாண்டவராயரிடமே இருக்கட்டும்" என்றார் சாத்தப்பர். எல்லோரும் விழித்தார்கள். "ஒரே நிபந்தனை. அவரும் தினமும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். சமையல் தானாக ருசிக்கும்."

ராஜா கைகொட்டிச் சிரித்தார். முகம் சிவந்த தாண்டவராயரும் மெல்லத் தலையாட்டினார்.

"சரி, இருளப்பா, இப்போது அந்தச் செய்யுளைச் சொல்!" என்று திரும்பினார் ராஜா.

வயிறு நிறைந்த இருளப்பன் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தான். தாண்டவராயர் அவன் தோளைத் தட்டப் போனார். ராஜா உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார்.

"தூங்கட்டும். செய்யுள் எங்கே போகப்போகிறது?"

மணிமுடி தரித்த அந்த ராஜா காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியே நடந்தார். அவை முழுவதும் அப்படியே அவர் பின்னால் போனது.