மகாவித்துவானின் மூன்று விதிகள்

கொன்றைமங்கலத்து அரசர் அரிகண்டதேவருக்கு ஒருநாள் நல்ல யோசனை ஒன்று வந்தது. நல்ல யோசனை வந்தால் அதைக் கெடுக்க ஓர் ஆள் வேண்டுமே! அதற்குத்தான் மகாவித்துவான் ஏகாம்பரநாதர் இருந்தார்.

யோசனை இதுதான். நாட்டுக்குப் பயன்படும் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள், எதை ஆராயப்போகிறோம், எப்படி ஆராயப்போகிறோம் என்று ஓலை எழுதித் தர வேண்டும். ஓலை தேறினால் மூன்று வருஷம் அரண்மனைச் சாப்பாடு. ஆராய்ச்சி முடிந்தால் முனைவர் பட்டம். தேர்வு செய்பவர் மகாவித்துவான். ஓலைகளை வாங்கி அடுக்கும் வேலை அரண்மனை எழுத்தர் பொன்னரங்கத்துக்கு. அவருக்குக் கையெழுத்து அழகு, வாய் கொஞ்சம் நீளம்.

ஆறு மாதத்தில் நாற்பது ஓலை வந்தது. தேறியது ஒன்றே ஒன்று: 'கிளிமூக்கு சிவந்தது ஏன்? மகாவித்துவானின் உரைவழி ஒரு நோக்கு.' எழுதியவர் மகாவித்துவானின் மருமகன். பொன்னரங்கம் அதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவினார்.

தள்ளுபடியானவற்றில் வெள்ளச்சியின் ஓலையும் ஒன்று. அவள் மடை காக்கும் குடும்பத்துப் பெண். போன ஐப்பசியில் பெரிய ஏரி உடைந்து ஒரு தெருவே அடித்துக்கொண்டு போயிற்று. அவள் அண்ணனும் அதோடு போனான். ஏரிக்கரை எப்போதும் மடையை ஒட்டியே உடைவது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மகாவித்துவான் ஐந்து முறை திருப்பி அனுப்பினார். ஐந்து முறையும் திருத்தி எழுதினாள். அடுத்த மழைக்கு இரண்டே மாதம். பொன்னரங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஆறாவது ஓலையோடு அவளை அரசர் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

மகாவித்துவான் ஓலையைப் புரட்டினார். "என் நூல் ஒன்றைக்கூட மேற்கோள் காட்டவில்லையே!"

"உங்க நூல் எதுலயும் மடையைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே, ஐயா" என்றாள் வெள்ளச்சி.

"நானே சொல்லாத விஷயம் ஆராயத் தகுந்ததா?"

பொன்னரங்கம் எழுத்தாணியைக் கையில் எடுத்தார். குரலில் தேன் தடவிக்கொண்டார். "நல்ல ஆய்வுப்பொருள் எப்படி இருக்க வேண்டும், ஐயா? சொன்னால் எழுதிக்கொள்கிறேன்."

மகாவித்துவான் தொண்டையைச் செருமினார். "பொருள் சிறியதாக இருக்க வேண்டும். இதுவரை யார் கண்ணிலும் படாததாக இருக்க வேண்டும். முடிவு என்ன என்று தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்."

"முடிவு தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்குங்க?" என்றாள் வெள்ளச்சி.

"பட்டத்துக்கு!"

பொன்னரங்கம் அங்கேயே உட்கார்ந்து விறுவிறுவென்று ஓர் ஓலை எழுதி நீட்டினார். "அடியேனும் விண்ணப்பிக்கிறேன். தலைப்பு, 'மகாவித்துவான் ஏகாம்பரநாதரின் அறிவு'."

மகாவித்துவானின் முகம் பூவாய் மலர்ந்தது. "ஆஹா! இதுவல்லவா ஆய்வு!" படாரென்று முத்திரையைக் குத்தினார்.

அரசர் புருவத்தை உயர்த்தினார். "மூன்று விதிக்கும் பொருந்துகிறதா, பொன்னரங்கம்?"

"கச்சிதமாகப் பொருந்துகிறது, மன்னா. இதைவிடச் சிறிய பொருள் நம் நாட்டில் கிடையாது. இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. முடிவோ, தொடங்கும் முன்பே ஊருக்கெல்லாம் தெரியும்!"

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

மகாவித்துவான் குதித்தார். "செல்லாது! செல்லாது! படிக்காமல் முத்திரை வைத்துவிட்டேன்! நான் எந்த ஓலையைத்தான் படித்தேன்? என் பேர் இருக்கிறதா என்று மட்டும்தானே பார்ப்பேன்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அரசர் எழுந்து வந்தார். மகாவித்துவான் கையிலிருந்த முத்திரையைப் பிடுங்கி, வெள்ளச்சியின் ஓலையில் தாமே பதித்தார். "நாளைக்கே ஏரிக்குப் போ, அம்மா. வேண்டிய ஆட்களைக் கூட்டிக்கொள்." அவள் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு அரசர் திரும்பினார். "பொன்னரங்கம், உம்முடைய ஆராய்ச்சிக்கு மூன்று வருஷம் போதுமா?"

"அது முடிந்துவிட்டது, மன்னா. முடிவுரையைத்தான் இப்போது அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே!"