வெறும் சட்டி

முன்னொரு காலத்திலே, படகில் பாய் கட்டத் தெரிந்தவனுக்கே பெண் கொடுத்த ஒரு கடற்கரை நாட்டில், சேந்தன் என்றொரு படகுக்காரன் இருந்தான். கல்யாணம் முடிந்த கையோடு மனைவி மாடத்தியைப் படகில் ஏற்றிக்கொண்டு, அவளுடைய அக்காள் ஊருக்குக் கரையோரமாகவே புறப்பட்டான். நான்கு நாள் பயணம். உச்சிப் பொழுதானால் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கி, நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் நாள் ஒதுங்கிய கரையில் ஒரு காக்கைகூட இல்லை. ஒரே ஒரு குடிசை. வாசலில் ஒருத்தி, கறுத்துப்போன பித்தளைச் சட்டியோடு நின்றாள்.

"பொங்கல் இருக்கு, சாப்பிடுங்க. சட்டியை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

சாப்பிட்டார்கள். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாமா? மாடத்தி ஒரு பிடி உப்பைப் போட்டுக் கொடுத்தாள். அன்று மாலை வைத்த மீன் குழம்பில் உப்பே இல்லை. இன்னும் அள்ளிப் போட்டாள். ஊஹூம். கடல்நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதுவும் சப்பென்று இருந்தது.

இரண்டாம் நாள் வெகுதூரம் தாண்டி ஒதுங்கினார்கள். அதே குடிசை, அதே பெண், அதே சட்டி.

"பொங்கல் இருக்கு, சாப்பிடுங்க. சட்டியை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

மாடத்தி ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் கொடுத்த சோற்றை மறுக்க வாய் வரவில்லை. தலையிலிருந்த தாழம்பூவைப் போட்டுக் கொடுத்தாள். படகேறியதும் பூக்கூடை மணக்கவில்லை, மீன் வலை நாறவில்லை.

மூன்றாம் நாளும் அதே குடிசை, அதே பெண், அதே சட்டி. பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"எதைப் போட்டாலும் எடுத்துக்கறா. இன்னைக்கு ஒண்ணும் போடாதே, நானே குடுத்துட்டு வாரேன்" என்றான் சேந்தன்.

வெறும் சட்டியை அவள் காலடியில் வைக்கக் குனிந்தான். உச்சி வெயிலில் நிழல் எவ்வளவு இருக்கும்? ஒரு சாண். அது முழுசாகச் சட்டிக்குள் விழுந்தது.

திரும்பி நடந்தவனுக்கு நிழல் இல்லை. படகை நெருங்கியபோது அவன் நெஞ்சுக்கு ஊடாகப் பாய்மரம் தெரிந்தது.

"மாடத்தி, என் கையை என்னாலேயே பாக்க முடியல."

"பொழுது சாயறதுக்குள்ள மிச்சமும் எங்கிட்ட வந்துடும். நீ போ, தாயி" என்றாள் குடிசைக்காரி.

மாடத்தி யோசித்தாள். சட்டிக்குள் எது விழுந்தாலும் இவளுக்குப் போகிறது. நிழல்கூட.

"அக்கா, பசி அடங்கல. இன்னும் கொஞ்சம் குடுங்க."

சட்டி தானாக நிறைந்தது. மாடத்தி அதைப் படகருகே கொண்டுபோய்ப் பொங்கலை மணலில் கொட்டினாள். படகிலிருந்த புளியை எடுத்து, ஈர மணலைச் சேர்த்து, தேய் தேய் என்று தேய்த்தாள். நகம் பிய்ந்தது. விடவில்லை. சட்டியின் உள்ளடி பளபளவென்று மின்னியதும் தன் முகம் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"வெறும் சட்டியா?"

"உள்ளே இருக்குக்கா. நல்லாக் குனிஞ்சு பாருங்க."

குனிந்தாள். அடியில் அவள் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், அவளைக் காணோம்; சட்டி மட்டும் மணலில் உருண்டது. குடிசையும் இல்லை.

மாடத்தி சட்டியைக் கவிழ்த்தாள். உப்பு விழுந்தது, தாழம்பூ விழுந்தது, சேந்தனின் நிழல் விழுந்து ஓடி அவன் காலைப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே முன்பின் தெரியாத நிழல்கள் பத்துப் பன்னிரண்டு எழுந்து, தங்கள் ஆட்களைத் தேடிக் கரையோரமாக நடந்தன. மாடத்தி சட்டியை மணலில் ஆழமாகப் புதைத்தாள்.

நான்காம் நாள் அக்காள் ஊர். அக்காள் ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு கொடுத்தாள். உப்பு அளவாக இருந்தது. மாடத்தி அந்தச் சட்டியைக் கழுவி, ஒரு பிடி உப்புப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சேந்தனை மட்டும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். அவனும் நிழலை இழுத்துக்கொண்டு போய் நின்றான். இருவரும் நிழலும் தாங்களுமாக நெடுநாள் வாழ்ந்தார்கள்.