மாம்பூவோட வந்த மாப்பிள்ளை வீட்டார்

ஒரு ஊரு. ஊருக்கு நடுவுல ஒரு அரண்மனை, அரண்மனைக்குப் பின்னால ஒரு குடிசை. அந்தக் குடிசையில சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு எருமை, வீட்டுக்குப் பின்னால நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம், அதுல ஒரு முல்லைக்கொடி, ஒரு செண்பகம், ஒரு மாமரம். அவ்வளவுதான் அவ சொத்து. அரிசி கழுவின தண்ணியில எருமைக்குப் பாதி, செடிக்குப் பாதின்னு ஊத்தி ஊத்தி வளர்த்தா.

மாசிப் பனி விலகி பூ வர ஆரம்பிச்சா, சடைச்சிக்குக் கால் தரையில நிக்காது. ஊருக்குள்ள சொந்தக்காரங்க வந்தா எப்படிக் கூப்பிடுவாங்க? அப்படியே கூப்பிடுவா. முல்லை பூத்துச்சா, "வாடி தங்கச்சி, வழியெல்லாம் வெயிலா? வந்தியே, அது போதும்"பா. செண்பகம் கொஞ்சம் மிடுக்கு, அதனால, "வாங்க மதினி, உங்க வாசம் தெருமுனையிலயே வந்துருச்சு! வந்தீங்களே, அது போதும்"பா. தலைக்கு ஒரு முழம், சாமிக்கு ஒரு முழம். மிச்சமெல்லாம் வண்டுக்கும் வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கும்.

அந்த வருசம், ஏழு வருசமா சும்மா நின்ன மாமரம் முதல் தடவையா பூத்துச்சு. சடைச்சி முந்தானையச் சரி பண்ணிக்கிட்டா. "வாங்க மாப்ளே, வாங்க!"ன்னு ஆரத்தியே சுத்திட்டா. பூவோட கூடவே செக்கச்செவேல்னு முசுறு எறும்பும் வந்து, இலையை மடிச்சு மடிச்சுக் கூடு கட்டி, சுத்த வந்தவளைச் சுருக்குன்னு ஒரு கடி. பக்கத்து வீட்டுக்காரி, "புகை போட்டு விரட்டு சடைச்சி"ன்னா. "ஐயய்யோ, மாப்பிள்ளை வீட்டு ஆளுக! நாலு பேரு கடுகடுன்னுதான் இருப்பாங்க, நாமதான் அனுசரிச்சுப் போகணும்"னு அடிமரத்துல ஒரு துண்டு வெல்லம் வச்சா. ஊரே சிரிச்சுச்சு.

அந்த ஊர் ராசா இருக்காரே, அவருக்குப் பூமெத்தையில படுத்தாத்தான் பகல் தூக்கம் வரும். அரண்மனைத் தோட்டத்தை மொட்டையடிச்சாச்சு. ஊர்ல உள்ள மாமரத்துப் பூவையெல்லாம் உலுக்கி மெத்தை போட்டாச்சு. மிச்சம் சடைச்சி தோட்டம்தான்.

முதல் நாள் அரண்மனைத் தலையாரி வந்தான். அவனுக்கு மூக்கால பேச்சு. "ஏஏய் சடைச்சி! ராசாவுக்கு முல்லை வேணுமாஆஆம்!" ஒரு மொட்டு விடாம உருவிட்டுப் போனான். சடைச்சி கொடியைத் தடவி, "நேத்து ஒரு நாள் வந்து இருந்தியே தங்கச்சி, அது போதும்"னா.

ரெண்டாம் நாள் வந்தான். "ஏஏய் சடைச்சி! ராசாவுக்குச் செண்பகம் வேணுமாஆஆம்!" அதையும் உருவிட்டான். "ஒரு நாள் வந்து இருந்தீங்களே மதினி, அது போதும்"னா.

மூணாம் நாள் வந்தான். "ஏஏய் சடைச்சி! ராசாவுக்கு மாம்பூ வேணுமாஆஆம்!"

சடைச்சிக்கு அது போதும்னு சொல்ல வாய் வரலை. ஏழு வருசம்ல! பூ போனா பிஞ்சு ஏது, காய் ஏது? மரத்தைக் கட்டிக்கிட்டு நின்னா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அண்ணே, இவரு மாப்பிள்ளை. ஆள் விட்டுக் கூப்பிட்டா வரமாட்டாரு. வெத்தலை பாக்கோட ராசாவே நேர்ல வந்து அழைக்கணும்"னா.

ராசாவுக்கு அதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "ஹ ஹ ஹா! வெத்தலையா? எனக்கா? டேய், மெத்தையைத் தூக்குங்கடா! அவ மரத்தடியிலயே போடுங்க! சுடச்சுடப் பூ விழணும், அதுல நான் தூங்கணும்!"

பட்டுமெத்தை வந்துச்சு, ராசா வந்தாரு, சட்டை இல்லாம தொப்பையைக் காட்டிக்கிட்டு மல்லாக்கப் படுத்தாரு. வெத்தலை மட்டும் வரலை.

சடைச்சி நல்லவ பாருங்க, அப்பவும் சொன்னா: "மகாராசா, பூவோட எறும்பும் விழும். பொல்லாத எறும்பு."

"எறும்பா? ஆயிரம் யானை கட்டி வச்சிருக்கிற எனக்கு எறும்பா? உலுக்குடா!"

தலையாரி ஒரே ஒரு உலுக்குதான் உலுக்கினான். பூ விழுந்துச்சு நாலு. கூடு விழுந்துச்சு ஏழு. தொப்பை மேல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, வேட்டிக்குள்ள... அது வேண்டாம், விடுங்க. "ஆ! ஊ! ஐயோ! அம்மா!" ராசா எந்திரிச்சு ஓடினாரு, கிரீடம் ஒரு பக்கம், ராசா ஒரு பக்கம். கடைசியில எருமையோட கழுநீர்த் தொட்டியில தொபுக்கடீர்னு விழுந்தாரு. எருமை, "ம்ம்மா?"ன்னு பார்த்துச்சு. தலையாரி மூக்குலயும் நாலு கடி. அன்னைக்குத்தான் அவனுக்கு வாயால பேச்சு வந்துச்சு.

வீக்கம் வத்த பத்து நாள் ஆச்சு. அப்புறம் பங்குனியும் போயி, பூவெல்லாம் காயாகி, சித்திரை ஒண்ணு வந்துச்சு. வருசப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி வேணுமே! வேப்பம்பூ இருக்கு, வெல்லம் இருக்கு, மாங்காய் எங்கே? பூவையெல்லாம்தான் ராசா மெத்தையாப் போட்டுத் தூங்கிட்டாரே. ஊர்லயே காய்ச்சது சடைச்சி மரம் ஒண்ணுதான்.

சடைச்சி, கூடையில மாங்காயைப் போட்டுக்கிட்டு, சிரிச்ச வீட்டுக்கும் சேர்த்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டு வந்தா. கடைசியா ஒரு காய் மிச்சம். அதை மாடத்துல வச்சா.

வாசல்ல யாரோ கனைச்சாங்க. ராசா! தலையாரி இல்லை, குடை இல்லை. கையில தட்டு, தட்டுல வெத்தலை பாக்கு. "தாயி... பச்சடிக்கு..."ன்னு தலையைக் குனிஞ்சாரு. அப்புறம் மரத்தடிக்குப் போயி எறும்புக்கு ஒரு துண்டு வெல்லம் வச்சுட்டு வந்தாரு.

சடைச்சி அந்தக் கடைசி மாங்காயை எடுத்து அவர் தட்டுல வச்சா.

"வாங்க அண்ணே. வந்தீங்களே, அது போதும்."

ராசாவுக்குத் தடிப்பு அமுங்குச்சு, எருமைக்குத் தொட்டி நிறைஞ்சுச்சு, நம்ம கதையும் காம்பு விட்டு உதிர்ந்துச்சு.