மைக் இல்லாத மூன்று நாள்

தணிகைவேலின் குரலை அந்த ஊர் விமான நிலையத்தில் அறியாதவர் இல்லை. பயணிகளுக்கான அறிவிப்புகளைப் பத்து ஆண்டுகள் அவர்தான் சொன்னார். பிறகு துறைத் தேர்வில் தேறி, விமானிகளுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பிலோமினா. அவரைவிட ஐந்து வயது இளையவர்.

இரண்டாவது வாரம். ஓடுபாதையின் இரு பக்கமும் இரண்டு விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. ஒன்றின் எண் 417. மற்றது 471. தணிகைவேல் 417ஐ ஓடுபாதைக்குள் வரச் சொன்னார். கீச்சென்ற இரைச்சலுக்கு நடுவே 'வருகிறோம்' என்று ஏதோ கேட்டது. அவர் அடுத்த வேலைக்குத் திரும்பினார்.

பிலோமினா துள்ளி எழுந்தார். கீழே இரண்டு விமானங்களும் நகர்ந்துகொண்டிருந்தன. மைக்கை இழுத்து, இரண்டையும் அப்படியே நிற்கச் சொன்னார். நின்றன.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பதில் சொன்னா அப்படித்தான் கீச்சிடும்" என்றார்.



"நான் தெளிவாத்தானே சொன்னேன் மேடம்?"

"ரொம்பத் தெளிவா சொன்னீங்க."

"அப்புறம் எங்க தப்பு?"

 பிலோமினா அவர் முன்னால் இருந்த மைக்கைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தார்.

"மூணு நாளைக்கு ஹெட்செட் மட்டும் போட்டுக்குங்க சார். விமானிங்க சொல்றத எழுதுங்க. நாம சொல்றது வேண்டாம்."

பத்து ஆண்டுகள் பேசியே பிழைத்தவருக்கு முதல் நாள் தொண்டை அரித்தது. இரண்டாம் நாள் குரல்கள் பிரிந்து கேட்கத் தொடங்கின. ஒருவருக்குச் சளி. ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பேசினார். ஒருவர் எண்களைப் பாதியில் விழுங்கினார்.

அன்று மாலை மனைவி போனில் ஏதோ வாங்கிவரச் சொன்னாள்.

"கொத்தமல்லி ஒரு கட்டு. சரிதானே?" என்று கேட்டார். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவர் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புதினாங்க" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் முற்பகல். ஒரு விமானம் புறப்படத் தயாராக நின்றது. மேலே ஆறாயிரம் அடி உயரத்தில் இன்னொன்று, தரையிறங்க முறை வரும்வரை வட்டமடித்துக்கொண்டிருந்தது.

பிலோமினா புறப்படும் விமானியிடம் ஆங்கிலத்தில், ஃபைவ் தௌசண்ட் அடிவரை ஏறச் சொன்னார். விமானி திருப்பிச் சொன்னார். சரி, புறப்படலாம் என்றார் பிலோமினா.

தணிகைவேல் மேசையை ஓங்கி அடித்தார்.

"மேடம், நைன்! அவர் நைன் தௌசண்ட்னு சொல்றார்!"

பிலோமினா அந்தக் கணமே விமானத்தை நிறுத்தினார். எத்தனை அடி என்று மறுபடி கேட்டார். நைன் தௌசண்ட் என்றார் விமானி, சந்தேகமே இல்லாமல்.

ஒன்பது இல்லை, ஐந்து என்று திருத்தினார். இரண்டு முறை சொல்லவைத்தார். பிறகுதான் போகவிட்டார். விமானம் ஏறி ஐயாயிரத்தில் நின்றது. மேலே வட்டமடித்ததும் பத்திரமாக இறங்கியது.

ஏறிப்போன விமானத்தின் விமானி நன்றி சொன்னார்.

"எனக்கு இல்ல, பக்கத்துல இருக்கிற சாருக்குச் சொல்லுங்க" என்றார் பிலோமினா. விமானி சொன்னார். கோபுரத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் விசிலே அடித்துவிட்டார்.

தணிகைவேலுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"உண்மையச் சொல்லுங்க மேடம். என்னைச் சோதிக்கத்தானே தெரியாத மாதிரி விட்டீங்க?"

"உள்ள நூத்தி எண்பது பேர் இருக்காங்க சார். அவங்கள வெச்சா சோதிப்பேன்?"

"அப்ப நெஜமாவே உங்களுக்கு நைன்னு கேக்கலையா?"

"இல்ல. ஃபைவ்னுதான் கேட்டுச்சு."

"அது எப்படி மேடம்? அவர் அவ்வளவு தெளிவா சொன்னாரே!"

பிலோமினா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஃபைவ்னு சொன்னது நானாச்சே சார்."