எலிக்கு விட்ட வயல்

“எல்லாம் கூடி வந்துடுச்சு சாமி. ஒரே ஒரு வயல்தான் மனசை உறுத்துது,” என்றான் நாகலிங்கம்.

ஊர் மடத்துச் சாமியார் கீரைச்சாமி, மத்தியானப் பந்திக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “சொல்லு.”

ஊரில் எலி நெற்பயிரை வெட்டித் தள்ளியது. எதற்கு அது அடங்கும் என்று ஒரு போகம் சோதித்துப் பார்க்க ஊர்க் கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். திட்டம் போட்டவன் நாகலிங்கம். சில வயலுக்கு எலி பிடிக்கும் மூங்கில் கிட்டி. சில வயலுக்கு வரப்பை வெட்டி வளையை அடைப்பது.

“ஒரு வயலை மட்டும் ஒண்ணும் செய்யாம எலிக்கே விடணும் சாமி. அப்பத்தான் மத்த வயலை ஒத்துப் பாக்க முடியும். அடையாளத்துக்கு அதுல வெள்ளைத் துணி கட்டின குச்சி.”

“சரிதான். யாரு வயல்ல நட்ட?”

“அஞ்சலையக்கா வயல்ல.”

“சம்மதிச்சாளா?”

நாகலிங்கமும் ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினான்.

“அவங்க கூட்டத்துக்கே வரல சாமி. மகளுக்குப் பிரசவம்னு போயிருந்தாங்க.”

“ம்.”

கீரைச்சாமி எழுந்தார். “போய்க் கை கால் கழுவிட்டு வா. சாப்பிடுவோம்.”

அவன் வந்தபோது பந்தி உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஊர் விவசாயிகள்தான். எல்லார் இலையிலும் சோறும் கீரையும் ஆவி பறக்க இருந்தன. அவன் இலையில் தெளித்த தண்ணீர் மட்டும்.

“சாமி, எனக்கு?”

“இவங்க வயிறு எவ்வளவு நிறைஞ்சுதுன்னு ஒத்துப் பாக்க ஒரு வெறும் இலை வேணாமா?”

பந்தியே சிரித்தது. அவனும் சிரித்தான்.

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“கேக்கலாம்னுதான் பாத்தோம். நீ கால் கழுவப் போயிருந்த.”

அவன் சிரிப்பு நின்றது.

கீரைச்சாமி தன் இலையை அவன் பக்கம் நகர்த்தினார். வெறும் இலையைத் தன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கோவிச்சுக்காதப்பா. சாப்பிடு.”

“சாமி, அந்தக் குச்சியைப் பிடுங்கி என் வயல்ல நட்டுடறேன்.”

“உன் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கே.”

நாகலிங்கம் சோற்றைக் குனிந்து பார்த்தபடி இருந்தான். பிறகு அதைப் பாதியாகப் பிரித்து வெறும் இலைக்குத் தள்ளினான்.

பக்கத்து இலைக்காரர் அதைப் பார்த்தார். “குச்சி நிக்கிற வயலுக்கும் அறுப்புல இப்படியே ஆளுக்கொரு பங்கு,” என்று இன்னும் கை வைக்காத தன் சோற்றில் ஒரு பிடி அள்ளி அதே இலையில் வைத்தார். அவருக்கு அடுத்தவர் எழுந்தே வந்துவிட்டார்.

கீரைச்சாமி இரண்டு கையாலும் இலையை மறைத்தார்.

“அட, போதும்ப்பா! என் வயிறு என்ன நெல்லு கொட்டற பத்தாயமா?”