குறையில்லாத நெஞ்சுக்காரர் யார்?

வெகுகாலத்துக்கு முன்னால் மயிலோடை நாட்டைத் திடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். பெயர்தான் திடம்; ஆளோ நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். அவன் சபையில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. ராஜா "நலமா?" என்று கேட்டால், காய்ச்சலில் கொதிக்கிறவனும் "பரம சுகம்!" என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சொன்னால் அபசகுனமாம். ராஜாவே தனக்கு நோவென்று வாய்விட்டுச் சொல்லாதவரை, அரண்மனை வைத்தியர் அவன் கையைத் தொட்டு நாடி பார்க்கவும் கூடாது. என்ன வழக்கமோ, என்ன கண்றாவியோ!

அந்த வருஷம் ராஜாவின் தம்பி, "பரம சுகம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டான். சாகிற வயதா அது? அன்றோடு ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. மாடிப்படி ஏறும்போது பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது பார்த்துவிட்டால், சிற்பத்தை ரசிக்கிறவன்போல் பாவனை செய்வான். மந்திரி நாச்சியப்பர் பார்த்துவிட்டார். அன்று முதல் அவருக்கும் தூக்கமில்லை.

ஒருநாள் சபையில் ராஜா திடீரென்று கேட்டான்: "என் குடிமக்களில் நெஞ்சிலே ஒரு குறையும் இல்லாதவர்கள் எத்தனை பேர்?"

படை நடத்தும் தளவாய் விருபாட்சர் முந்திக்கொண்டார். மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற மனுஷர் அவர். "எல்லோரும்தான் மன்னா! தங்கள் ஆட்சியில் யாருக்கு என்ன குறை? இந்தச் சபையில் எல்லாம் இரும்பு நெஞ்சு!"

"பரம சுகம்! பரம சுகம்!" என்று சபை கூவியது.

"மந்திரியாரே, நீர் மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை?"

"மன்னா, நூறு பேரை நிறுத்தினால் ஒருவர் இருவர் தேறினாலே அதிசயம்."

"கேட்டீர்களா மன்னா!" என்று தளவாய் குதித்தார். "இவரும் வைத்தியரும் கூட்டு. ஊரையே நோயாளி ஆக்கிப் பிழைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளைக்கு இந்தச் சபையிலேயே நிரூபியும். இல்லாவிட்டால் நீரும் வைத்தியரும் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்."

நாச்சியப்பர் இரவெல்லாம் யோசித்தார். ஊரைவிட்டுப் போவது பெரிதில்லை. வைத்தியரும் போய்விட்டால் இந்த ராஜாவை யார் காப்பாற்றுவது?

மறுநாள் சபை கூடியதும் மந்திரி ஒரு மஞ்சள் கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மன்னா, தங்கள் தம்பிக்கு வந்தது தங்களுக்கு வராமலிருக்க இந்தக் காப்பைக் கட்ட வேண்டும். கட்டுகிறவர் நெஞ்சில் குறையில்லாதவராக இருக்க வேண்டும்; அதாவது புகையிலை தொடாதவராக, உப்பும் நெய்யும் அளவோடு உண்பவராக, தினம் நடப்பவராக, தொந்தி இல்லாதவராக, நன்றாகத் தூங்குபவராக இருக்க வேண்டும். ஒரு குறையை மறைத்துக் கட்டினாலும் ராஜாவுக்கு ஆபத்து. ராஜாவுக்கு ஏதாவது ஆனால் கட்டியவர் தலை தப்பாது. இரும்பு நெஞ்சுக்காரர் தளவாயாரே, வாருங்கள்!"

விருபாட்சருக்கு வேர்த்துக் கொட்டியது. "நானா? ஐயையோ, வாயில் புகையிலை அடக்காமல் எனக்குப் பொழுதே விடியாதே! பக்கத்துத் தெருவுக்கும் பல்லக்கில்தானே போகிறேன்! புரோகிதர் கட்டட்டும்."

"என் தொந்தியைப் பார்த்துமா சொல்கிறீர்?" என்று புரோகிதர் அலறினார். "அப்பளமும் நெய்யும் இல்லாமல் எனக்கு ஒரு வேளை கழியாது. புலவர் ஒல்லிதானே!"

"ஒல்லிதான், ஆனால் சுருட்டு பிடிப்பேனே!" என்றார் புலவர்.

அப்புறம் கேட்க வேண்டுமா? நேற்று "பரம சுகம்" என்று கூவிய வாயெல்லாம் தன் குறையை நான் முந்தி நீ முந்தி என்று கொட்டியது. கடைசியில் தேறியது வாயில் காக்கும் சுடலைமுத்து ஒருவன்தான்.

"போதும்!" என்றான் ராஜா. "மந்திரியாரே, இந்தக் காப்பு மெய்யாகவே பலிக்குமா?"

"காப்பு பொய் மன்னா. அவர்கள் சொன்னதுதான் மெய்."

"நீர் எப்படி?"

"ஊறுகாய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இப்போது தூக்கமும் போய்விட்டது."

"தூக்கம் ஏன் போயிற்று?"

"படியில் தாங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததிலிருந்து."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வைத்தியரிடம் கையை நீட்டினான். "படியேறினால் நெஞ்சை அடைக்கிறது ஐயா. யாரிடமும் சொல்லவில்லை. பயமாயிருக்கிறது."

வைத்தியர் வெகுநேரம் நாடி பார்த்தார். "பயமில்லை என்று சொல்ல மாட்டேன் மன்னா. ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். சுகம் சொல்லும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது. தளவாயின் பல்லக்கு பறிபோயிற்று, புகையிலைச் செல்லப் பெட்டியும் போயிற்று. தினமும் விடியலில் ராஜாவோடு ஏரிக்கரையைச் சுற்றி நடக்க வேண்டும் என்று உத்தரவு.

முதல் நாள் பாதிக் கரையில் ராஜா கேட்டான்: "தளவாயாரே, நலமா?"

"செத்தேன் மன்னா! மூச்சு வாங்குகிறது, கால் கெஞ்சுகிறது, நாக்கு புகையிலைக்குத் தவிக்கிறது!"

"எனக்கும் மூச்சு வாங்குகிறது ஐயா. வாரும், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடப்போம்."